எல்ஸ் இன்னும் திறக்கப்படவில்லை

இஃப் என்ற ஒற்றைச் சொல்லுக்கு ரிப்பன் வெட்டித் திறப்பு விழா நடத்திய ஊர் உலகத்திலேயே மலேசியாவின் ஈப்போ ஒன்றாகத்தான் இருக்கும்.

நடத்தியது உதயச்சுடர் மின்னிலக்க அறவாரியம். துணி வெளுக்கும் ஒரு டோபிக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் அதன் அலுவலகம். பழைய ரப்பர்த் தோட்டங்களை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குக் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொடுத்துக் கரையேற்றுவது அதன் நோக்கம். அந்த நோக்கத்தைப் பித்தளை எழுத்தில் வாசலில் பதித்திருந்தார்கள். அதற்கு மேலே, அரசிடம் டத்தோ பட்டம் வாங்கிய தலைவர் டத்தோ சிவபிரகாசத்தின் படம். படம் நோக்கத்தைவிட மூன்று மடங்கு பெரியது.

கணினிக்கு வேலை சொல்லும்போது, 'இது இப்படி இருந்தால் இதைச் செய்' என்பதற்கு இஃப் என்று எழுத வேண்டும். 'இல்லையென்றால் அதைச் செய்' என்பதற்கு எல்ஸ். மற்ற இடங்களில் பிள்ளைகள் இரண்டையும் ஒரே காலையில் படித்துவிட்டு ரொட்டி சானாய் சாப்பிடப் போய்விடுவார்கள். உதயச்சுடர் அப்படி அவசரப்படும் அமைப்பு அல்ல. அதன் திட்டப்படி முதல் கட்டம் இஃப், இரண்டாம் கட்டம் எல்ஸ். ஒவ்வொன்றுக்கும் தனி விழா, தனிப் பதாகை, தனி மாலை. ஒரே நாளில் இரண்டையும் திறந்துவிட்டால் அப்புறம் எதைத் திறப்பது என்று ஆட்சிக் குழுவில் ஒருவர் கேட்டார். மற்றவர்கள் திகைத்துப்போனார்கள்.

ஏப்ரலில் இஃப் திறக்கப்பட்டது. கணினியைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். டத்தோ ரிப்பனோடு சேர்த்து மௌஸின் வயரையும் வெட்டினார். கூட்டம் கைதட்டியது. பிறகு அவர் பேசினார்.

"இருந்தால்! எவ்வளவு நம்பிக்கையான சொல்! வாய்ப்பு இருந்தால், வசதி இருந்தால், ஒற்றுமை இருந்தால்... முப்பது ஆண்டுகளாக நான் இந்தச் சமுதாயத்துக்கு 'இருந்தால்' என்பதைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்று அதையே கணினியிலும் கொடுக்கிறேன்."

முன்வரிசைகள் பிரமுகர்களுக்கு. நடுவரிசைகள் பிரமுகர்களின் ஓட்டுநர்களுக்கு. படிக்க வந்த பதினெட்டுப் பேரும் பின்சுவரோரம் நின்றார்கள்.

அதில் ஒருத்தி கெர்ட்ரூட். முப்பத்து நான்கு வயது. கோப்பெங் பக்கம் தோட்டமாக இருந்து வீடமைப்புப் பகுதியாகிவிட்ட இடத்தில் வீடு. லகாட் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகளாகப் பெட்டிகட்டும் வேலை. புது இயந்திரம் வந்துவிட்டது, பெட்டியை அதுவே கட்டிக்கொள்ளும். அந்தத் தொழிற்சாலை அவளுக்கு ஒரு கடிதம் கொடுத்திருந்தது. ஜூன் முப்பதுக்குள் அடிப்படை நிரலாக்கச் சான்றிதழ் கொண்டுவந்தால் இயந்திரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. இல்லையென்றால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது.

கெர்ட்ரூட் தன் வாழ்நாளில் பார்த்த முதல் முழு இஃப்-எல்ஸ் அதுதான். அதற்கு யாரும் ரிப்பன் வெட்டவில்லை.

வகுப்பு சனிக்கிழமை காலைகளில். பயிற்றுநர் பவித்ரன் இருபத்து நான்கு வயதுப் பையன், பல்கலைக்கழகத்தில் கணினி படித்தவன். முதல் நாள் வெண்பலகையில் எழுதினான்: மழை பெய்தால், குடை எடு.

கெர்ட்ரூட் கை தூக்கினாள். "தம்பி, மழ பெய்யலேன்னா?"

பவித்ரன் ஒருமுறை கதவைப் பார்த்தான். "அது ரெண்டாங் கட்டம்க்கா."

"குடைய வச்சிட்டுப் போன்னு ஒரு வரிதானே?"

"எனக்கும் தெரியும்க்கா. ஆனா சொல்லித்தர அனுமதி இல்ல. என் நியமனக் கடிதத்துல இஃப் பயிற்றுநர்னுதான் போட்டிருக்கு."

அவளுக்குப் பக்கத்தில் சீனி அண்ணன் உட்கார்ந்திருந்தார். லோரி ஓட்டுபவர், ஐம்பத்தைந்து வயது. அவருடைய கம்பெனியிலும் இதே மாதிரி ஒரு கடிதம். "அப்ப எல்ஸ் வாத்தியாரு வேற ஆளா, தம்பி?"

"இன்னும் நேர்காணல் வைக்கலேண்ணே. வச்சா நானும் போலாம்னு இருக்கேன்."

"எங்கப்பா ரப்பர் மரத்துல பால் வெட்டுனவரு," என்றாள் கெர்ட்ரூட். "காலையில பெரட்டுக்கு ஆள் கூடுறப்ப மண்டோரு, அதான் கங்காணி, மானத்த அண்ணாந்து பாப்பாராம். மழன்னா இன்னிக்கி வெட்டு கிடையாது, இல்லாட்டி காட்டுக்குப் போ. அவ்ளோதான். அந்த மனுஷனுக்குக் கையெழுத்துகூடப் போடத் தெரியாது. ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லிட்டுப் போயிருக்காரு."

"அவரு டத்தோ இல்லல்ல, தங்கச்சி," என்றார் சீனி. "அதான்."

வகுப்பு சிரித்தது. பவித்ரன் சிரிக்கவில்லை, அவன் ஒப்பந்த ஊழியன். ஆனால் மூன்றாவது வாரம் வகுப்பு முடிந்து இறங்கும்போது, டோபிக் கடை ஓரமாக நின்று, எல்ஸை ஒரு திசுத்தாளில் கெர்ட்ரூட்டுக்கு எழுதிக் காட்டினான். அவள் படித்து முடித்ததும் வாங்கிச் சுக்குநூறாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டான்.

ஐந்தாவது வாரம், முதல் கட்டத்தின் வெற்றியை நடைமுறைப்படுத்துவது என்று அறவாரியம் முடிவெடுத்தது. வருகைப் புத்தகம் ஒழிக்கப்பட்டது. அதற்குப் பதிலாக வாசலில் ஒரு பலகைக் கணினி. மாணவர்கள் எழுதிய பயிற்சி நிரலையே அதில் ஏற்றினார்கள். ஒன்பது மணிக்குள் அடையாள அட்டை எண்ணைத் தட்டினால், 'வருகைக்கு நன்றி' என்று காட்டும்.

கெர்ட்ரூட் இரவு வேலை முடித்து லகாட்டிலிருந்து பஸ் பிடித்து வர வேண்டும். பஸ் ஒன்பது ஐந்துக்கு வந்து சேரும். எண்ணைத் தட்டினாள். திரை அப்படியே இருந்தது. இன்னொரு முறை தட்டினாள். அப்படியே இருந்தது.

திட்ட ஒருங்கிணைப்பாளர் நித்யகல்யாணி அந்தப் பக்கம் வந்தார். ஐம்பது வயது, எப்போதும் பட்டுச் சேலை. எந்த நேரத்திலும் எதையாவது திறக்க நேரலாம் என்பதால் அப்படி.

"மேடம், இது ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது."

"ஒன்பதுக்குள்ள வந்தா நன்றி சொல்லும்மா."

"ஒம்போது அஞ்சாயிடுச்சு. லேட்டுன்னு போட்டுக்கட்டும்."

"லேட்டுன்னு சொல்றதுக்கு எல்ஸ் வேணும்மா. அது இன்னும் திறக்கல."

"அப்ப நான் வந்தேனா, வரலியா?"

நித்யகல்யாணி தன் கைப்பேசியில் பதிவைப் பார்த்தார். "வந்ததா பதிவு இல்ல. வரலேன்னும் பதிவு இல்ல." பிறகு கனிவாகச் சொன்னார்: "நாங்க யாரையும் ஒதுக்குறதில்லம்மா. அது எங்க கொள்கை."

அதன் பிறகு நான்கு சனிக்கிழமைகள் கெர்ட்ரூட் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள், வராதவளாகவும் இல்லாமல் வந்தவளாகவும் இல்லாமல். அவளைப் போல இன்னும் மூன்று பேர், எல்லாரும் தூரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். பதினொரு மணிக்கு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் பதினான்கு வரும். அந்த நாலு பேருக்கு நாசி லெமாக் கிடையாது என்று யாரும் சொல்லவில்லை. பொட்டலம் தீர்ந்துவிடும், அவ்வளவுதான். சீனி அண்ணன் தன்னுடையதில் பாதியை நகர்த்தி வைப்பார்.

புகார்ப் படிவம் கேட்டாள். கொடுத்தார்கள். அதில் ஒரே ஒரு வரி: 'உங்கள் புகார் நியாயமானது என்று அறவாரியம் கருதினால் உங்களைத் தொடர்பு கொள்ளும்.' கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். யாரும் தொடர்பு கொள்ளவில்லை.

ஜூன் பாதி ஆனது. சான்றிதழில் 'இஃப், எல்ஸ் இரண்டு கட்டங்களும் நிறைவு' என்றுதான் அச்சாகும், எல்ஸ் திறக்காமல் அது வராது என்று தெரிந்ததும் கெர்ட்ரூட் நேரே ஒருங்கிணைப்பாளரின் அறைக்குப் போனாள்.

"எப்ப மேடம் ரெண்டாங் கட்டம்?"

"செயற்குழு நாலு தடவ கூடிடுச்சும்மா. சும்மா இல்ல. எல்ஸுக்குத் தமிழ்ல என்ன? இல்லையென்றால். 'இல்லை'ன்னு ஆரம்பிக்குது. குத்துவிளக்கு ஏத்தி, நாதஸ்வரம் வச்சு, டத்தோ வாயத் தொறந்து மொதல்ல சொல்ற வார்த்த 'இல்லை'ன்னா எப்படியிருக்கும்? மகளிர் பிரிவு ஒரேயடியா ஒத்துக்கல. 'மற்றபடி'ன்னு வச்சிக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு. 'அவ்வாறன்றேல்'னு ஒருத்தர். அது பதாகையில அடங்கல."

"என்ன பேரோ வைங்க மேடம். எனக்கு முப்பதாந் தேதிக்குள்ள சான்றிதழ் வேணும். இல்லாட்டி வேல போயிரும்."

நித்யகல்யாணி முகத்தைச் சுளித்தார். "பாரு, நீயே 'இல்லாட்டி'ங்கிற. எவ்ளோ நெகட்டிவ்வா இருக்கு கேக்க! இதத்தான் நாங்க மாத்தணும்னு பாக்குறோம்."

"வேல போறது நெகட்டிவ்தான் மேடம்."

"டத்தோ தேதி கொடுத்துட்டா அன்னிக்கே சான்றிதழ். என் பொறுப்பு."

"கொடுக்கலேன்னா?"

நித்யகல்யாணி புன்னகைத்தார். கெர்ட்ரூட் காத்திருந்தாள். புன்னகை அப்படியே இருந்தது. அதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் வராது என்பதைப் புரிந்துகொள்ள அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

டத்தோ கடைசியில் தேதி கொடுத்தார். ஜூன் இருபத்தெட்டு, சனிக்கிழமை. மண்டபம் பிடித்தார்கள். இருநூறு நாற்காலிகள். எல்ஸைப் பற்றி ஒரு வகுப்புகூட நடக்கவில்லையே என்று பவித்ரன் கேட்டானாம். திறந்து வைக்கப் போகிறோம், அது போதாதா என்று பதில் வந்ததாம்.

மேடையில் ஓட வேண்டிய நிரலை எழுதும் பொறுப்பு கெர்ட்ரூட்டுக்குக் கொடுக்கப்பட்டது. வகுப்பில் பிழையில்லாமல் தட்டச்சு செய்பவள் அவள்தான் என்று பவித்ரன் சொல்லியிருந்தான். நித்யகல்யாணி எழுத்துப்பூர்வமாக உத்தரவு தந்தார்: பிரமுகர் தம் பெயரைத் தட்டுவார். அந்தப் பெயர் 'டத்தோ சிவபிரகாசம்' என்று இருந்தால், பெரிய திரையில் குத்துவிளக்கு எரியும், நாதஸ்வரம் ஒலிக்கும், 'இரண்டாம் கட்டம் திறக்கப்பட்டது' என்று எழுத்து வரும்.

"வேற யாரும் தட்டுனா மேடம்?"

"வேற யாரும்மா தட்டப் போறா?"

இருபத்தெட்டாம் தேதி பத்து மணிக்குத் தொடங்க வேண்டிய விழா பதினொன்றே காலுக்குத் தொடங்கியது. டத்தோ வரவில்லை. தவிர்க்க முடியாத காரணங்களால் வர இயலாத அவருக்குப் பிரதிநிதியாக அவருடைய சிறப்பு அதிகாரி யுகேந்திரன் வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். கோட்டுப் பையில் மூன்று பேனா. தன்னை விடப் பெரிய மாலையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"ஒரு மகிழ்ச்சியான செய்தி. ஐந்து நாட்களுக்கு முன்னால் நம் தலைவருக்குப் பட்டம் உயர்ந்திருக்கிறது. இனி அவர் டத்தோ அல்ல. டத்தோ ஸ்ரீ!"

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. வராத ஆளுக்கு இவ்வளவு நேரம் கைதட்ட முடியும் என்பது கெர்ட்ரூட்டுக்கு அன்றுதான் தெரிந்தது. இந்தத் தடவையும் படிக்க வந்த பதினெட்டுப் பேரும் பின்சுவரோரம்தான் நின்றார்கள். சீனி அண்ணன் மகளுக்குக் காட்ட வேண்டும் என்று கைப்பேசியை உயர்த்தி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

யுகேந்திரன் கணினி முன்னால் அமர்ந்தார். பெரிய திரையில் ஒவ்வோர் எழுத்தாக வந்தது. டத்தோ ஸ்ரீ சிவபிரகாசம். என்டர் பொத்தானை ஓங்கித் தட்டினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடியும் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. கணினிக்குத் தெரிந்தவர் டத்தோ சிவபிரகாசம் ஒருவர்தான். இவர் யாரோ.

பவித்ரன் குனிந்து அவர் காதில் சொன்னான். ஒலிவாங்கி திறந்திருந்ததால் இருநூறு பேருக்கும் கேட்டது. "சார், ஸ்ரீய எடுத்துட்டுத் தட்டுங்க சார். உள்ள பழைய பேருதான் இருக்கு."

"எத எடுக்கச் சொல்ற?"

"ஸ்ரீ... ஸ்ரீய, சார்."

"இத்தன பேருக்கு முன்னால, டத்தோ ஸ்ரீயோட ஸ்ரீய என் கையால எடுக்கணுமா? நல்லா இருக்கேலா உன் யோசன! நீ எடு. வா, வந்து எடு பாக்கலாம்."

பவித்ரன் இரண்டடி பின்னால் போனான். யுகேந்திரன் நித்யகல்யாணியைப் பார்த்தார். அவர் கும்பிட்டார். மகளிர் பிரிவுத் தலைவியைப் பார்த்தார். அவர் குனிந்து கைப்பையில் எதையோ தேடினார். மேடையில் பதினோரு பேர் இருந்தார்கள், இருபத்திரண்டு கை. ஒரு கைகூட அந்த ஸ்ரீயின் பக்கம் போகவில்லை.

யுகேந்திரன் முன்னால் 'மாண்புமிகு' சேர்த்துத் தட்டிப் பார்த்தார். இல்லை. தன் சொந்தப் பெயரைத் தட்டினார். பிறகு பெயரோடு தன் படிப்பையும் பதவியையும் சேர்த்துத் தட்டினார். கணினி அசையவில்லை. அறிவிப்பாளர் நிலைமையைச் சமாளிக்க நினைத்தார்.

"கணினி நமது டத்தோ ஸ்ரீ அவர்களை இன்னும் அடையாளம் காணவில்லை. அன்பர்கள் பொறுமை காக்கவும்."

இதைச் சொன்னதும் யுகேந்திரன் அவரைப் பார்த்த பார்வையில் அறிவிப்பாளர் உட்கார்ந்துவிட்டார். அறவாரியத்தின் படக்காரரைக் கேமராவை நிறுத்தச் சொன்னார்கள். அவர் நிறுத்தினார். சீனி அண்ணனை யாரும் கவனிக்கவில்லை, பின்சுவரோரம் நிற்பவர்களை அவர்கள் கவனிப்பதில்லை.

நேரத்தை நிரப்ப, பிரமுகர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடை தீர்ந்தது. போர்த்தப்பட்டவர்களிடமிருந்து கழற்றிப் போர்த்தப்படாதவர்களுக்குப் போர்த்தினார்கள். அரை மணி நேரத்தில் ஒரே பொன்னாடை நாலு தோளுக்குப் போய் வந்தது. வாங்கியவர் ஒவ்வொருவரும் நெகிழ்ந்துபோய் இரண்டு வார்த்தை பேசினார்கள்.

கெர்ட்ரூட் மணியைப் பார்த்தாள். இன்று திறக்காவிட்டால் சான்றிதழ் இல்லை. நாளை ஞாயிறு. நாளை மறுநாள் முப்பது. அவள் நேராக மேடை ஏறினாள்.

"மேடம், உள்ள இருக்கிற பேர டத்தோ ஸ்ரீன்னு மாத்திடுறேன். அர நிமிஷம்."

"மாத்தக் கூடாதும்மா!" நித்யகல்யாணி பதறினார். "அந்த வரி ஆட்சிக் குழுவுல அங்கீகாரமானது. திருத்தணும்னா ஏழு நாள் முன்னறிவிப்பு கொடுத்துக் கூட்டம் போடணும்."

"இருக்கிற வரிய மாத்தல. புதுசா சேக்கலாமா?"

"சேக்குறதப் பத்தி விதியில ஒண்ணும் இல்ல..."

"அப்ப ஒரு எல்ஸ் சேக்குறேன்."

"ஐயோ! எல்ஸ் இன்னும் திறக்கலியேம்மா!"

"எல்ஸ் இல்லாம இப்ப எல்ஸத் திறக்க முடியாது மேடம்."

"அதத் திறக்கத்தானே இவ்ளோ பேரு வந்திருக்கோம்! திறக்கறதுக்கு முன்னாடி நீ எப்படி அத எடுத்துப் புழங்குவ?"

இதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் மாலை ஆகிவிடும். கெர்ட்ரூட் குனிந்து யுகேந்திரனின் மாலைக்கு அந்தப் பக்கமாகக் கையை நீட்டி இரண்டே வரி தட்டினாள். இல்லையென்றால், அதே விளக்கு, அதே நாதஸ்வரம், அதே எழுத்து. என்டர்.

திரையில் குத்துவிளக்கு எரிந்தது. நாதஸ்வரம் முழங்கியது. இரண்டாம் கட்டம் திறக்கப்பட்டது. மண்டபம் மறுபடியும் எழுந்து நின்றது. இனிமேல் யாருடைய பெயரைத் தட்டினாலும், ஒரு பெயரையும் தட்டாமல் விட்டாலும், அந்த விளக்கு எரியும் என்பதை மேடையில் ஒருவரும் கவனிக்கவில்லை.

யுகேந்திரன் ஒலிவாங்கியைப் பிடித்தார். "டத்தோ ஸ்ரீ வராமலேயே இப்படித் திறக்கிறது என்றால், வந்திருந்தால் எப்படித் திறந்திருக்கும்! சிந்தித்துப் பாருங்கள்!"

சிந்தித்துப் பார்த்தவர்கள் போலப் பலர் தலையாட்டினார்கள்.

பிறகு சான்றிதழ் வழங்கும் அங்கம். பதினெட்டுப் பேரையும் மேடைக்கு அழைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நீலக் கோப்பு. சிரிக்கச் சொன்னார்கள், படம் எடுத்தார்கள். கெர்ட்ரூட் படியிறங்கும்போது கோப்பைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. படியின் கீழே நின்ற தொண்டர் ஒருவர் அதை வாங்கி, அடுத்து மேடை ஏறுபவருக்குக் கொடுப்பதற்காக எடுத்துக்கொண்டு ஓடினார். மொத்தம் இருந்ததே மூன்று கோப்புகள்தான்.

மண்டபத்துக்குப் பின்னால் ஓர் அறை. யுகேந்திரனும் நித்யகல்யாணியும் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேசை ஓரத்தில் ஓர் அட்டைப்பெட்டி, அதில் பதினெட்டுச் சான்றிதழ்கள், இன்றைய தேதியோடு அச்சாகி இருந்தன. வருகைப் பதிவே இல்லாத நாலு பேருக்கும் சேர்த்துத்தான். அறிக்கையில் பதினெட்டு என்று எழுதியாகிவிட்டது. கெர்ட்ரூட் உள்ளே போனாள். சீனி அண்ணன் கதவோரம் நின்றார்.

"சான்றிதழ் வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன் மேடம்."

"இன்னும் தலைவரோட முத்திரச் சாப்பு அடிக்கலம்மா. சாப்புல டத்தோன்னு இருக்கு. அவரு இப்ப டத்தோ ஸ்ரீ. புது சாப்புக்கு ஆர்டர் கொடுத்திருக்கு. ரெண்டு வாரம்."

"எனக்கு நாளைக்கி மறுநாள் வேணும்."

"அதோட உனக்கு இன்னொண்ணு இருக்கு." நித்யகல்யாணி கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். திறக்கப்படாத எல்ஸை அனுமதியின்றிப் பயன்படுத்தியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று காரணம் கேட்கும் கடிதம். விழா முடிந்து அரை மணிகூட ஆகவில்லை. அந்த அறவாரியத்தில் கெர்ட்ரூட் பார்த்த ஒரே வேகமான வேலை அதுதான். "இதுக்கு நீ விளக்கக் கடிதம் கொடுத்தாத்தான் உன் கோப்பு நகரும்."

"இப்பவே கொடுக்கலாமா?"

"தாராளமா."

கெர்ட்ரூட் அந்தக் கடிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினாள். யுகேந்திரனின் பையிலிருந்த மூன்று பேனாவில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். எழுதி முடித்து மேசைமேல் வைத்தாள். நித்யகல்யாணி வாய்விட்டுப் படித்தார்.

"நாலு மணிக்குள் பதினெட்டுச் சான்றிதழிலும் சாப்பு விழுந்தால், இன்று எல்ஸைத் திறந்து வைத்தவர் சிறப்பு அதிகாரி யுகேந்திரன் அவர்களே என்று யார் கேட்டாலும் சொல்வோம். இல்லையென்றால், கணினி டத்தோ ஸ்ரீயை அடையாளம் காணாமல் இருந்த நாற்பத்தேழு நிமிடத்தையும் சீனி அண்ணன் வாட்ஸ்அப் புலனத்தில் அனுப்புவார்."

படித்து முடித்த பிறகுதான் தான் என்ன படித்தோம் என்று அவருக்குப் புரிந்தது.

யுகேந்திரன் பிரியாணியை விட்டு எழுந்தார். "மிரட்டுறியா?"

"இல்ல சார். நிபந்தனைக் கூற்று. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. பாதியத்தான் குடுத்தீங்க, மீதிய நானே பாத்துக்கிட்டேன்."

"எந்தப் புலனம்? யாருய்யா சீனி?"

சீனி அண்ணன் கதவோரத்திலிருந்து கைப்பேசியை ஆட்டிக் காட்டினார். "நாந்தாங்க ஐயா. லோரிக்காரங்க குரூப்பு. தெலுக் இந்தான்லேர்ந்து ஜொகூர் வரைக்கும் ஆளு இருக்கு. எண்ணூத்துச் சொச்சம். எல்லாம் வழியில நிறுத்தித் தே தாரேக் குடிக்கறப்ப பாக்க ஏதாச்சும் கேட்டுக்கிட்டே இருப்பானுங்க. நீங்க 'வந்து எடு பாக்கலாம்'னு சொன்னீங்க பாருங்க, ரொம்பத் தெளிவா விழுந்திருக்கு."

யுகேந்திரன் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரும்மா. சூசா பண்ணாத, எதுக்கு வீண் தொல்ல. உனக்கு மட்டும்னா இப்பவே போட்டுக் குடுத்துடலாம்லா."

"பதினெட்டு, சார்."

"மத்தவங்களுக்கு என்ன அவசரம்?"

"கேக்கலியே நீங்க. கூப்புடவா, வெளியதான் நிக்கிறாங்க."

யுகேந்திரன் மணியைப் பார்த்தார். மூன்று பத்து. பட்டம் குறைந்த சாப்பை அடித்தால் தலைவர் தோலை உரித்துவிடுவார். அடிக்காவிட்டால் எண்ணூறு லோரிக்காரர்கள். அவருடைய வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டு பக்கத்தையும் யோசிக்க வேண்டியிருந்தது. முகத்தைப் பார்த்தால் பழக்கமில்லாத வேலை என்று தெரிந்தது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய சாப்பையே அடிப்பது, டத்தோவுக்கும் சிவபிரகாசத்துக்கும் நடுவில் பேனாவால் 'ஸ்ரீ' என்று எழுதிச் சேர்ப்பது. நீல மையா கறுப்பு மையா என்பதில் ஐந்து நிமிடம் போனது. தலைவருக்குப் பிடித்தது நீலம் என்று முடிவானது.

நித்யகல்யாணி சாப்பு அடித்தார். ஸ்ரீ எழுதினார். அடித்தார், எழுதினார். மை இட்டலி வில்லை அளவுக்கு விரிந்த இடங்களில் ஸ்ரீயைக் கொஞ்சம் தள்ளி எழுத வேண்டியிருந்தது. எழுதிக்கொண்டே பேசினார்.

"கோவத்த மனசுல வச்சிக்காதம்மா. அடுத்த குழுவுக்கு நீதான் வந்து பேசணும், வெற்றிப் பெண்ணா. அறவாரியம் இல்லேன்னா நீ இவ்ளோ தூரம் வந்திருப்பியா, சொல்லு?"

கெர்ட்ரூட் சான்றிதழ்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பதினேழு முடிந்தது. பதினெட்டாவது அவளுடையது. சாப்பு விழுந்தது. பேனா கீழே இறங்கியது.

"என்னோடதுல ஸ்ரீ வேணாம் மேடம்."

பேனா நின்றது. "என்னது?"

"வேணாம். நான் படிச்ச கம்ப்யூட்டருக்கு அந்தப் பேரு தெரியாது."

நித்யகல்யாணி யுகேந்திரனைப் பார்த்தார். யுகேந்திரன் சீனி அண்ணனின் கட்டைவிரலைப் பார்த்தார். அது அனுப்பும் பொத்தானுக்கு மேலே ஆடாமல் நின்றுகொண்டிருந்தது.

"குடுத்துத் தொலைங்க," என்றார்.

திங்கட்கிழமை காலை தொழிற்சாலை அலுவலகத்தில் வரிசை நீளமாக இருந்தது. சாளரத்தில் இருந்த மலாய்ப் பெண் கெர்ட்ரூட்டின் சான்றிதழை வாங்கினாள். மேலே அச்சாகியிருந்த தலைவரின் படத்தைப் பார்க்கவில்லை. சாப்பைப் பார்க்கவில்லை. யாருடைய பட்டத்தையும் படிக்கவில்லை. விரலை வைத்துத் தேதியைத் தேடினாள். இருபத்தெட்டு, ஜூன். தட்டில் இருந்த மற்றவற்றின் மேல் போட்டாள்.

"ஓகே, அக்கா. புதன்கிழமை புது யூனிபார்ம் வாங்கிக்க வாங்க. நெக்ஸ்ட்."